உருட்டிப் பார்க்காத ராம்ப்புக்குப் பில் கொடுக்காதீர்கள்

(டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று திருகோணமலையில் பேசியது. மேடையில் விட்டுப்போன இரண்டொரு விஷயத்தை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் ஐயா அவர்களே, ஆசியுரை தந்த குருக்கள் ஐயா, மௌலவி அவர்கள், அருட்தந்தை அவர்கள், விகாராதிபதி தேரர் அவர்களே, பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் சமூக சேவை உத்தியோகத்தர் தங்கச்சி, இந்த மாரி மழையிலும் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பஸ் பிடித்து வந்த சொந்தங்களே. முன்வரிசையில் என் கணக்கு சேர் இருக்கிறார், இளைப்பாறிய அதிபர். எட்டாம் வகுப்பில் விகிதம் படிப்பித்தவர் அவர்தான். சேர், இன்றைக்கு நான் கதைக்கப் போவதே ஒரு விகிதத்தைப் பற்றித்தான், பிழை விட்டால் எழும்பித் திருத்துங்கள். மண்டபத்தைத் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கித் தம்பிக்கும், காலையில் வந்து கதிரை அடுக்கிய, நடுவில் எங்களுக்காக அகலமாக வழி விட்ட பிள்ளைகளுக்கும் நன்றி. அந்த வழியைக் கவனித்தீர்களா? நாங்கள் கேட்காமலே விட்டார்கள்.

மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, மாற்றுத்திறனாளிகள் தங்களுக்காகத் தாங்களே நடத்தும் சுயாதீன வாழ்வு நிலையம் என்ற ஒன்றை முதலில் தொடங்கிய மனிதர்கள் யார். இரண்டு, நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது. மூன்று, இப்படி ஒன்றை இங்கே நடத்தக் காசுக்கு எங்கே போவது.

என் அப்பா உப்புவெளியில் தச்சுவேலை செய்தவர். அவர் வாயில் எப்போதும் ஒரு பழமொழிதான் இருக்கும்: தன் கையே தனக்கு உதவி. ஆணி எடுத்துத் தா என்று கேட்டாலும் அதைத்தான் சொல்வார். 2011இல் மோட்டார் சைக்கிளில் விழுந்து என் முள்ளந்தண்டு போன பிறகு, கட்டிலில் கிடந்த என்னைப் பார்க்க வந்த மனிதர் அந்தப் பழமொழியைச் சொல்லாமல் சும்மா இருந்தார். அந்த மௌனம்தான் எனக்கு எல்லாவற்றையும் விட வலித்தது. இனி இவனுக்கு அது பொருந்தாது என்று அப்பாவே முடிவு கட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் எட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கரைப் பற்றி அறிந்தேன். 14 வயதில் போலியோ. கழுத்துக்குக் கீழே கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டது, ஒரு கையில் இரண்டு விரலும் சில கால்விரல்களும் அசையும். இரவில் மூச்சுவிட 'இரும்பு நுரையீரல்' என்கிற பெரிய உருளைக்குள் படுக்க வேண்டும், தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவர் படித்த பள்ளிக்கூடம் சான்றிதழ் தர மறுத்தது, ஏன் தெரியுமா? கார் ஓட்டும் பயிற்சியும் உடற்பயிற்சிப் பாடமும் முடிக்கவில்லையாம்! அவருடைய அம்மா ஸோனா விடாமல் சண்டை பிடித்து அந்தச் சான்றிதழை வாங்கிக் கொடுத்தார். 1962இல் எட் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த இரும்பு உருளையை விடுதியில் வைக்க வழியில்லாததால், வளாகத்துக்குள் இருந்த ஆஸ்பத்திரியின் ஒரு அறையில் தங்கிப் படித்தார். அவருக்குப் பிறகு அவரைப் போலவே சிலர் அங்கே வந்து சேர்ந்தார்கள். ராத்திரி ராத்திரியாக இருந்து கதைத்திருக்கிறார்கள், நமக்கு என்ன வேண்டும் என்று டொக்டர் ஏன் சொல்ல வேண்டும், நாமே சொன்னால் என்ன என்று.

அதிலிருந்துதான் 1972இல் பெர்க்லியில் அந்தச் சுயாதீன வாழ்வு நிலையம் பிறந்தது. என்ன செய்தார்கள்? பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. சக்கர நாற்காலி உடைந்தால் திருத்திக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து உதவக்கூடிய ஆட்களின் பட்டியல் வைத்திருந்தார்கள். உள்ளே போய்வரக்கூடிய வாடகை வீடு தேடிக் கொடுத்தார்கள். புதிதாக விபத்தில் விழுந்த ஒருவனிடம், பத்து வருஷத்துக்கு முன்பு அப்படி விழுந்த இன்னொருவனை அனுப்பிக் கதைக்க வைத்தார்கள். நடத்தியவர்கள் மாற்றுத்திறனாளிகளே. இன்றைக்கும் அந்த நாட்டில் அரசாங்கப் பணம் வாங்கும் இப்படியான நிலையத்தில் வேலை செய்பவர்களிலும் நிர்வாக சபையிலும் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இன்னும் ஒன்று கேளுங்கள். படிக்கிற காலத்தில் உதவி கேட்டுப் போன எட் ராபர்ட்ஸை, இவரால் வேலை செய்ய முடியாது என்று தட்டிக்கழித்தது மாநிலத்தின் புனர்வாழ்வுத் திணைக்களம். 1975இல் அதே திணைக்களத்துக்கு அவரையே பணிப்பாளராகப் போட்டார்கள். அதே திணைக்களம்!

அப்பாவின் பழமொழிக்கு எனக்கு அர்த்தம் விளங்கியது அங்கேதான். தன் கையே தனக்கு உதவி என்றால் சட்டைப் பொத்தானை நானே பூட்டுவது இல்லை. அதை நானே பூட்டப் போனால் அரை மணி நேரம் போகும். உதவிக்கு வரும் தம்பி இரண்டு நிமிஷத்தில் பூட்டிவிடுவான், மிச்ச நேரத்தில் நான் என் வேலையைப் பார்ப்பேன். எந்தச் சட்டை, எத்தனை மணிக்கு, எங்கே போவதற்கு என்பதை நான் சொல்கிறேன் பாருங்கள், அதுதான் என் கை.

அதே அமெரிக்காவின் ஜூடி ஹியூமனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதிலேயே போலியோ வந்தவர். தீப்பிடித்தால் ஆபத்து என்று பாடசாலையில் சேர்க்க மறுத்தார்கள். பெரியவளாகி ஆசிரியை வேலைக்குப் போனபோதும் அனுமதிப்பத்திரம் தர மறுத்தார்கள், வழக்குப் போட்டு வாங்கினார். 1977இல், அரசாங்கப் பணம் வாங்கும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக்கூடாது என்று நாடாளுமன்றம் ஏற்கெனவே நிறைவேற்றிய சட்டப் பிரிவுக்கு ஒழுங்குவிதி கையெழுத்தாகாமல் இழுத்தடிக்கப்பட்டபோது, அவரும் நூற்றுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளும் சான் பிரான்சிஸ்கோவில் அரசாங்கக் கட்டடத்துக்குள் போய் இருந்துவிட்டார்கள். மூன்று கிழமைக்கு மேல்! தொலைபேசியை வெட்டினார்கள். காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று கைமொழியால் வெளியே இருப்பவர்களோடு கதைத்தார்கள். கறுப்பின மக்களின் பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் தினமும் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கையெழுத்து விழுந்தது. ஜூடி 2023இல் காலமானார்.

நம் நாட்டுக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கட்டடங்களுக்குள் போய்வரும் வசதி பற்றி 2006இல் ஒழுங்குவிதியும் வந்துவிட்டது. அஜித் பெரேரா என்றொருவர் இருந்தார், இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவரும் கூட. 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவருடைய காரின் மேல் மரம் விழுந்தது, அன்றிலிருந்து சக்கர நாற்காலி. அவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 2009இல் உத்தரவு வாங்கினார், புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்களில் எங்களுக்கு வழி இருக்க வேண்டும் என்று. 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதத்தினருக்கு நடப்பது, பார்ப்பது, கேட்பது போன்ற ஏதோ ஒரு செயற்பாட்டில் சிரமம் இருப்பதாகப் பதிவானது. ஆட்கணக்கில் பதினாறு லட்சம் பேர். சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, ஆட்களும் இருக்கிறோம். சரி, வாசலுக்குப் போய்ப் பார்ப்போம்.

ஒரு முறை ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்க ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரித்தான். ஐந்து படி. கீழே நின்று அண்ணா, ஐயா என்று கூப்பிட்டேன். பாதுகாப்பு உத்தியோகத்தர் ஓடி வந்தார், நல்ல மனுஷன், வரிசையில் நின்ற மூன்று பேரையும் கூப்பிட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பிரேக் போட்டிருக்கிறதா என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கால்மிதியைப் பிடித்துத் தூக்கினார் ஒருவர். அது கழன்று வருகிற சாமான், கையோடு வந்துவிட்டது. நாற்காலி முன்னுக்குச் சரிய, பின்னால் நின்ற ஐயா என் சட்டைக் கொலரை எட்டிப் பிடிக்க, மடியில் இருந்த கடிதக் கோவை விழுந்து, மழைத்தண்ணீரில் என் பிறப்புச் சான்றிதழ் மிதக்கிறது. சாமி தூக்குகிற மாதிரி 'மெல்ல மெல்ல, இடது பக்கம், இடது பக்கம்' என்று சத்தம். மேலே கொண்டுபோய் வைத்தார்கள். வரிசையே என்னைப் பார்க்கிறது. உள்ளே இருந்த உத்தியோகத்தர் எழும்பி வந்து, 'ஐயோ தம்பி, ஏன் கஷ்டப்பட்டு வந்தீங்க, வீட்டில யாரையாவது அனுப்பியிருக்கலாமே' என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கடிதம் என்னுடையது. கையெழுத்தும் என்னுடையது. தன் கையே தனக்கு உதவி என்று வளர்ந்த பிள்ளை நான், என் கடிதத்துக்கு நான் ஏன் ஆள் அனுப்ப வேண்டும்?

திரும்ப இறக்கும்போதும் அதே நான்கு பேர், அதே சத்தம். அந்த நான்கு பேருக்கும் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அடுத்த வருஷம் அதே இடத்தில் ராம்ப், அதாவது நாற்காலியை உருட்டி ஏறும் சரிவுப் பாதை, கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஆசையோடு போனேன். பளபளவென்று டைல்ஸ், பக்கத்தில் நீலப் பலகை, சக்கர நாற்காலிப் படம். கீழே ஒரு மோட்டார் சைக்கிள், மேலே பூச்சாடி. அப்பாவின் அளவுநாடா எப்போதும் என் பையில் இருக்கும், மஞ்சள் நிறம், முதல் இரண்டு அங்குலம் தேய்ந்து எழுத்தே தெரியாது. கூட வந்த தம்பி பிடித்தான், அளந்தோம். உயரம் இரண்டரை அடி. ராம்ப்பின் நீளம் எட்டு அடி. சேர், நீங்கள் படிப்பித்த விகிதம் இதுதான். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது சரிவின் கணக்கு, ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டரை அடிக்கு முப்பது அடி. எட்டு அடியில் கட்டினால் அது சறுக்குமரம், மழை பெய்தால் அந்த டைல்ஸில் நடப்பவர்களே விழுவார்கள். கட்டியவருக்குப் பில் கொடுத்தாகிவிட்டது. படமும் எடுத்தாகிவிட்டது. ஏறிப் பார்க்கச் சொல்லி ஒரு சக்கர நாற்காலியைக் கூப்பிடவில்லை.

கிண்ணியாவிலிருந்து வந்திருக்கும் நானா ஒருவர் போன மாதம் என்னிடம் சொன்னார். 2009இல் பாலம் திறக்கும் முன்பு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு ஓடிய காலத்தில், அவர் தன் வண்டியை உருட்டிக்கொண்டே அதில் ஏறி இறங்குவாராம். இப்போது பாலம் வந்துவிட்டது, நல்லது, எல்லோருக்கும் நல்லது, ஆனால் பஸ்ஸில் அவரை இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டியிருக்கிறது.

மூன்றாவது விஷயத்துக்கு நேரம் இல்லை, மணி அடித்துவிட்டார்கள். காசு பற்றிப் பிறகு கதைப்போம், ஏனென்றால் நான் கேட்க வந்த விஷயத்துக்குக் காசே தேவையில்லை. இங்கே இருக்கும் அதிகாரிகளிடமும், சபை உறுப்பினர்களிடமும், ஒப்பந்தக்காரர்களிடமும் கேட்கிறேன். இந்த மாவட்டத்தில் எந்தப் பொதுக் கட்டடத்தில் ராம்ப் கட்டினாலும், கடைசிப் பில் கொடுக்கும் முன்பு எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஏறி இறங்கிக் காட்டுகிறோம். மலசலகூடக் கதவால் உள்ளே போய், கதவைச் சாத்தி, திரும்பி வந்து காட்டுகிறோம். முடிந்தால் கையெழுத்துப் போடுகிறோம், முடியாவிட்டால் எங்கே எத்தனை அங்குலம் பிழை என்று எழுதித் தருகிறோம். கட்டணம் இல்லை, தேநீர் கூடத் தேவையில்லை. சமூக சேவை உத்தியோகத்தர் தங்கச்சியிடம் எங்கள் பெயர்ப்பட்டியலை இப்போதே தருகிறேன், மூதூருக்கு மூன்று பேர், கிண்ணியாவுக்கு இரண்டு பேர், பட்டணத்துக்கு ஐந்து பேர். பெர்க்லியில் அவர்கள் செய்ததும் இதுபோலத்தான், யாருக்காகவும் காத்திருக்காமல் தங்கள் கையை எடுத்துத் தங்களுக்கு உதவியாக்கிக் கொண்டார்கள்.

வருகிற சனிக்கிழமை காலை எட்டரைக்கு பஸ் நிலையத்திலிருந்து தொடங்குகிறோம். பஸ் நிலையம், அப்புறம் சந்தை. நடக்கக்கூடிய நான்கு பிள்ளைகள் அளவுநாடா பிடிக்க வேண்டும், கொப்பி எழுத ஒருவர். கணக்கு சேரும் வருவதாகத் தலையாட்டுகிறார்.

இன்னுமொரு சின்ன வேண்டுகோள். தேநீரை முன்வாசல் பக்கம் வைத்திருக்கிறார்கள், அங்கே நான்கு படி இருக்கிறது. பின்கதவு தரைமட்டம். தம்பிமாரே, மேசையை அங்கே மாற்றிவிடுங்கள். நன்றி, வணக்கம்.