கக்கத்தில் கிழிந்த சட்டையும் கேசட்டின் கடைசிப் பாட்டும்

வணக்கம் நேயர்களே.

இசை ரசிகராக இருப்பதைப் பற்றிப் பேச வரச் சொல்லி வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். "எனக்குப் பாடவே வராதே" என்றேன். "பாட வேண்டாம்மா, பேசினால் போதும்" என்றார்கள். சரி, பேச்சுக்கு என்ன பஞ்சம். சுங்கை சிப்புட்டில் 40 ஆண்டுக்கு மேலாகத் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் பாடுகிறவர்களுக்குத் தைத்திருக்கிறேன். அவர்களைப் பார்த்து மயங்கிப்போய், அதே மாதிரி வேண்டும் என்று வந்தவர்களுக்கும் தைத்திருக்கிறேன். இரண்டாவது கூட்டம்தான் கூலியில் பேரம் பேசாது.

நான் பிறந்தது தோட்டத்தில். அப்பா அம்மா இருவரும் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிற நேரத்திலேயே லயத்தில் நாலு வீட்டு ரேடியோவாவது பாடிக்கொண்டிருக்கும். பாட்டு எங்களுக்குக் காதில் கிடைத்தது. பாடுகிறவர் எப்படி இருப்பார், என்ன உடுத்தியிருப்பார் என்பதைப் பார்க்க வேண்டுமானால் கோயில் திருவிழா வரவேண்டும்.

எங்கள் தோட்டத்துப் பையன்களே ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். ஒரு திருவிழாவுக்கு ஏழு பேருக்கும் ஒரே மாதிரி ஊதா சாட்டின் சட்டை தைக்கும் வேலை எங்கள் கடைக்கு வந்தது. நான் அப்போது கையாள். மாஸ்டர் வெட்டித் தர, நான் தைத்தேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கக்கத்தில் நன்றாக இறுக்கிப் பிடித்துவிட்டேன். திருவிழா அன்று இரவு பாடகர் முதல் பாட்டிலேயே கையை மேலே தூக்கினார். மைக்கில் கேட்கிற மாதிரி டர்ரென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அவர் வலது முழங்கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டே மீதிப் பாட்டு முழுவதையும் பாடி முடித்தார். நான் பந்தல் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இதில் வேடிக்கை மறுநாள்தான். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் குச்சியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, வலது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு பாடுகிறார்கள். அதுதான் அவருடைய ஸ்டைலாம்! ரசிகர் என்றால் யார் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். நாங்கள் பிழை என்று மறைத்ததை அவர்கள் அழகு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து மேடை உடுப்பை நான் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். ஜிகினாவை விட்டுவிட்டு, கை எப்படித் தூக்குகிறார்கள், கால் எப்படி விரிகிறது, துணி அதற்கு எப்படி இடம் கொடுக்கிறது என்று பார்ப்பேன். எல்விஸ் பிரஸ்லியின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சட்டையும் காற்சட்டையும் ஒன்றாக இணைந்த அந்த வெள்ளை உடுப்பு, முகத்துக்கு இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் காலர். அதை வடிவமைத்தவர் பில் பெல்யூ. எல்விஸ் கராத்தே பழகியவர், மேடையிலும் உதைப்பார், குனிவார். அதனால் கராத்தே உடையை மனதில் வைத்து வடிவமைத்து, காற்சட்டையின் கீழ்ப்பகுதியில் வேறு நிறத் துணி வைத்து மடிப்புக் கொடுத்தார் பெல்யூ. கால் வீசும்போது அது விரியும். ஆயிரம் கண்கள் பார்க்கும் அழகுக்கு அடியில் ஓர் எளிய தையல் கணக்கு இருக்கிறது. அது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த ஊதா சட்டை கிழிந்திருக்காது.

மைக்கேல் ஜாக்சனும் இதில் கெட்டிக்காரர். காற்சட்டையைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்தி, உள்ளே பளபளக்கும் காலுறை போட்டுக்கொள்வார். 1983இல் தொலைக்காட்சி மேடையில் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே நடந்து காட்டினாரே, அன்று பார்த்தவர்களின் கண் தானாக அவர் காலுக்குப் போனது இதனால்தான். கறுப்புக் காலுறை போட்டிருந்தால் பாதிப் பேர் அந்த நடையைக் கவனித்திருக்கமாட்டார்கள். 1996 அக்டோபரில் அவர் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்துக்கு வந்தபோது எங்கள் ஊரிலிருந்தும் ஆள் போனார்கள். அதற்கு முந்தின வாரம் என்னிடம் நல்ல காற்சட்டைகளைக் கொண்டுவந்து, "அக்கா, ரெண்டு இஞ்சு ஏத்திக் குடுங்க" என்று வரிசையில் நின்றார்கள். அடுத்த வாரம் இறக்கித் தரச் சொல்லியும் வந்தார்கள், கம்பெனி வேலைக்குப் போகவேண்டுமே.

நம் ஆட்களைச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவீர்கள். பினாங்கு டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள், அலிகேட்ஸ் குழு. பாடியது பெரும்பாலும் மலாய். ஆனால் அந்த உருண்டை முடியைப் பார்த்துத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் முடி வளர்த்து அப்பாவிடம் அடி வாங்கினார்கள்! சுருட்டை முடி குறை என்று தேங்காய் எண்ணெய் தடவிப் படிய வாரி அனுப்பிய காலம் அது. தொலைக்காட்சியில் ஓர் ஆறுமுகம் அதே முடியை மகுடம் மாதிரி வைத்துக்கொண்டு நிற்கிறார். எண்ணெய்ப் புட்டி அப்புறம் எதற்கு? பிறகு யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் தமிழ் ராப் கொண்டுவந்தபோது ஊர்ப் பிள்ளைகள் தொளதொளவென்று காற்சட்டை கேட்டு வந்தார்கள். துணி அதிகம், கூலி அதே. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

பெண்களுக்கு மேடை உடுப்பு என்றால் எனக்கு இரண்டு பேர். ஒருவர் பாப் பாடகி உஷா உதுப். 1969இல் சென்னையில் இரவு விடுதி மேடையில் ஏறியபோது சேலையோடு ஏறினார். காஞ்சிபுரம் பட்டு, நெற்றியில் பெரிய பொட்டு, பின்னாளில் காலில் ஓட்டக்காரர்கள் போடுகிற சப்பாத்து. இன்னொருவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த அந்த நீலத்துக்கு எம்.எஸ். நீலம் என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு பாடகியின் பெயரில் ஒரு நிறம். துணிக்கடையில் "ராயல் புளூவா, நேவி புளூவா" என்று கேட்டால், "இல்லப்பா, எம்.எஸ். புளூ" என்று சொல்லிவிடலாம்.

என் அம்மா அப்படித்தான் கேட்டார். ஈப்போவில், லிட்டில் இந்தியாவில், தங்கை கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனபோது. அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. சங்கீதம் படித்தவரும் இல்லை. விடிகாலை ரேடியோவில் அந்தக் குரலைக் கேட்டபடி எத்தனையோ ஆண்டு மரம் சீவப் போனவர். கடைக்காரர் மூன்று நீலம் எடுத்துப் போட்டார். அம்மா நாலாவதைக் கேட்டு வாங்கினார். ஆறு மாதத் தவணை. கல்யாணத்துக்குக் கட்டினார், பிறகு தீபாவளிக்கு மட்டும்.

அந்தச் சேலைதான் 2023 மார்ச்சில் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்குப் போனது. தங்கை மகள் பிளாக்பிங்க் பைத்தியம். நாலு பெண்கள் பாடுகிற கொரியக் குழு, உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள். 2020இல் அவர்கள் ஒரு பாட்டுக் காட்சியில் ஹான்போக் என்கிற கொரிய மரபு உடையைக் குட்டையாக வெட்டிப் புதுசாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதைக் கைத்தொலைபேசியில் காட்டி, "பெரியம்மா, இந்த மேல்சட்டை மாதிரி வேணும். பாட்டி சேலையில" என்றாள்.

எனக்குக் கையே ஓடவில்லை. அம்மா இறந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆனால் சேலையைப் பிரித்துப் பார்த்தால் மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. பட்டை ஒரே மடிப்பில் பெட்டிக்குள் வைத்தால் அப்படித்தான், சரிகை அறுத்துவிடும். இனி யாரும் கட்ட முடியாது. இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கத்திரியை எடுத்தேன். நல்ல பகுதியை மட்டும் எடுத்து, அடியில் பருத்தித் துணி கொடுத்து, ஒன்றின்மேல் ஒன்று மடிகிற மாதிரி முன்பக்கம் தைத்து, அவர்கள் முறைப்படி பொத்தான் இல்லாமல் மார்பில் நாடா கட்டுகிற மாதிரி முடித்தேன். கரை வீணாகாமல் கைமுனையில் வந்தது. கக்கத்தில் தாராளமாக இடம் விட்டேன், கேட்கவும் வேண்டுமா.

அன்று அரங்கம் முழுக்க இளஞ்சிவப்பு. ரசிகர்கள் கையில் சுத்தியல் மாதிரி ஒரு விளக்கு வேறு. பாட்டுக் கேட்கப் போகிற இடத்துக்கு எதற்குச் சுத்தியல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த இளஞ்சிவப்புக் கூட்டத்தில் ஒரே ஒரு எம்.எஸ். நீலம். முன்பின் தெரியாத சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் வந்து சட்டையைத் தொட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்களாம். "இது எங்க பாட்டி சேலை" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாட்டுக்குக் கத்தித்தான் கட்டியது என்று தங்கை சொல்கிறாள். இருக்கலாம்.

அம்மா இறந்த நேரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். இரண்டு வாரம் மெஷின் பக்கமே நான் போகவில்லை. இதே பெண்தான் பாவம், என்னைத் தேற்ற நினைத்துக் குத்துப் பாட்டாகத் தொகுத்து அனுப்பினாள். முதல் பாட்டு ஆரம்பித்து அரை நிமிடத்தில், "நிறுத்து" என்று கத்திவிட்டேன். உற்சாகப் பாட்டு உற்சாகம் தரும் என்று நினைக்கிறோம். தராது. அளவு தெரியாமல் தைத்த சட்டை மாதிரி அது, இறுக்கிப் பிடிக்கும். ஆள் எப்படி இருக்கவேண்டும் என்று பார்த்து யாரும் அளவெடுப்பதில்லை. இன்றைக்கு எப்படி இருக்கிறாரோ அந்த உடம்புக்குத்தான் டேப் பிடிக்கிறோம். மனதுக்கும் அப்படித்தான் போல.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஐரா ஆல்ட்ஷூலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1940களிலேயே சொல்லிவிட்டார். முதலில் நோயாளியின் மனநிலைக்கு ஒத்த இசையைக் கொடு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேறு பக்கம் கூட்டிப் போ என்று. இசை வழி சிகிச்சை செய்கிறவர்கள் இன்றும் அதைப் பின்பற்றுகிறார்கள். ஐசோ கொள்கை என்று அதற்குப் பெயர். மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளர் பிற்பாடு விளக்கியபோது, "அட, நான் செய்தது அதுதானே" என்றேன்.

நான் செய்தது இவ்வளவுதான். முதலில் புல்லாங்குழலோ வீணையோ மட்டும், குரலே இல்லாமல். அடுத்து பி. சுசீலா குரலில் தாலாட்டு இரண்டு. அழுகை வந்தால் வரட்டும். பிறகு நடக்கிற வேகத்தில் மூன்று நான்கு பாட்டு. கடைசியில்தான் உருமி மேளம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு உருமி கேட்டால் கால் சும்மா இருக்காது. மிதிமெஷினில் உட்கார்ந்து அதைக் கேட்டேன், கால் தானாக மிதித்தது. ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை, சும்மா மிதித்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை நூல் கோத்தேன். இதே வரிசையைத் தலைகீழாக, ராத்திரி தூக்கம் வராதபோதும் போட்டுப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: முதல் படியிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். சோகப் பாட்டை நாள் முழுக்கச் சுற்றவிட்டுக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி வாரக்கணக்கில் போனால் பாட்டு போதாது, மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

வரிசையின் அருமை எங்களுக்குக் கேசட் சொல்லிக்கொடுத்தது. டவுனில் பாட்டுப் பதிந்து தரும் கடை இருந்தது. 60 நிமிடக் கேசட், பக்கத்துக்கு 30 நிமிடம், ஆறு ஏழு பாட்டு. எது முதலில், எது அடுத்து என்று பள்ளிக்கூடத் தாளில் எழுதி, அடித்து, திருப்பி எழுதிக் கொடுப்போம். இன்றைக்கு விரலால் ஒரு பாட்டை மேலே தள்ளினால் வேலை முடிந்தது, அன்றைக்கு அதற்கு இன்னொரு கேசட் வாங்க வேண்டும். கனடாவில் 2011இல் ஓர் ஆய்வு செய்தார்கள். பிடித்த பாட்டில் உச்சமான இடம் வரும்போது மட்டுமல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே மூளையில் டோபமின் என்கிற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சுரக்கிறதாம். கேசட் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஒரு பாட்டு முடிந்து, அடுத்தது வருமுன் அந்த உஸ் சத்தம் இருக்குமே, அதிலேயே அடுத்த பாட்டு மனதில் ஓட ஆரம்பித்துவிடும்.

ஒரே தொல்லை, பக்கத்தின் கடைசிப் பாட்டு. கடைக்காரர் எவ்வளவு கணக்குப் பார்த்தாலும் நாடா தீர்ந்து பாதியில் அறுந்துவிடும். எனக்கு உயிரான ஒரு பாட்டு அப்படித்தான் இரண்டாவது சரணத்தில், "நீ" என்ற எழுத்தோடு பட்டென்று நிற்கும். இத்தனை ஆண்டு ஆகியும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த "நீ"யில் என் காது கேசட்டைத் திருப்பிப் போட எழுந்துவிடுகிறது.

நான் பேசி முடித்ததும் என் விருப்பமாக அந்தப் பாட்டைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி, உங்களைத்தான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரை. நடுவில் விளம்பரம் வைத்து வெட்டிவிடாதீர்கள். வணக்கம்.