மூளைக்குள் ஒரே தாளம்

நேயர்களுக்கு வணக்கம்.

பெரிய அரங்கு ஒன்றில் நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் கை தட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். முதலில் மழை கொட்டுவது போல ஒரே இரைச்சல். யார் எப்போது தட்டுகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. சில சமயம், யாரும் சொல்லாமலே அந்த இரைச்சல் ஒன்றுகூடி, தட்... தட்... தட்... என்று ஆயிரம் பேரும் சேர்ந்து தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அரங்கில் அது கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதே ஒற்றுமை மூளையில் வேண்டாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டால், ஒரு மனிதரால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போய்விடுகிறது.

இதைப் பேச வானொலிதான் சரியான இடம் என்று எனக்குத் தோன்றும். ஏனென்றால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் வேலையே காதால் கேட்பதுதான். பார்க்கின்சன் நோய்க்கு, அதாவது நடுக்குவாதத்துக்கு, மூளையில் மின்சாரம் செலுத்த மின்முனை பொருத்தும்போது சரியான இடம் எது என்று கேட்டுச் சொல்பவர்களில் நானும் ஒருவன்.

அந்த அறை எப்படி இருக்கும் தெரியுமா? நோயாளி விழித்திருப்பார். தலையின் தோலை மட்டும் மரக்கச் செய்திருப்பார்கள். மூளைக்கு வலி தெரியாது. முடியை விட மெல்லிய முனை கொண்ட ஒரு கம்பி, ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். அதன் முனைக்கு எட்டும் மின்சாரத்தைப் பெருக்கி ஒலிபெருக்கியில் விடுவோம். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 'டக், டக்' என்று கேட்கும். அது தலாமஸ் என்ற ஆழமான மூளைப்பகுதி. பிறகு அமைதி. வெறும் நரம்பிழைகள் ஓடும் பகுதி அது. அப்புறம் திடீரென்று தகரக் கூரையில் மழை அடித்தது போல இரைச்சல் எழும். சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். பட்டாணி அளவுதான் இருக்கும். மூளையின் நட்டநடுவில், ஆழத்தில் உட்கார்ந்திருக்கும்.

இப்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். சிலருக்கு அந்த மழைக்குள் ஒரு தாளம் இருக்கும். நொடிக்கு நாலு, ஐந்து முறை நரம்பணுக்கள் கொத்துக்கொத்தாக மின்துடிப்பு விடும். அப்படியே திரும்பி நோயாளியின் கையைப் பார்த்தால், அதுவும் அதே தாளத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும். ஒலிபெருக்கியில் கேட்பதும் கண்ணெதிரே ஆடுவதும் ஒன்றே என்று புரிந்த முதல் நாள் எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

நடுக்கத்தை விட வேகமான இன்னொரு தாளமும் உண்டு. நொடிக்கு 13 முதல் 30 வரை. இதை பீட்டா அலை என்பார்கள். காதுக்கு எளிதில் பிடிபடாது, கருவி காட்டும். உடல் இறுகுவது, அசைவு மந்தமாவது இவற்றோடு சேர்ந்து வருவது இதுதான். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைக் கூட்டும் மாத்திரை வேலை செய்யும்போது இந்த அலை அடங்குகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த நோயில் டோபமின் சுரக்கும் அணுக்கள் சாகின்றன, அது உண்மை. ஆனால் அதன் பின் நடுக்கமாகவும் இறுக்கமாகவும் நாம் காண்பதில் பெரும்பங்கு, உயிரோடு இருக்கும் அணுக்கள் செய்வது. அவை ஓய்ந்துபோகவில்லை. அளவுக்கு மீறி ஒத்துப்போகின்றன. நலமாக உள்ளவரிடம் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் தனித்தனி வேலையில் இருக்கும். டோபமின் குறைந்தால் எல்லாம் ஒன்றையே முணுமுணுக்க ஆரம்பிக்கின்றன. எல்லோரும் ஒன்றையே சொன்னால் அதில் செய்தி ஏது?

இப்படிச் சேர்ந்துகொள்வது எவ்வளவு சுலபம் என்பதற்கு எனக்குப் பிடித்த பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1665இல் கிறிஸ்டியான் ஹைகென்ஸ் உடல்நலமின்றிப் படுத்திருந்தார். ஊசல் கடிகாரத்தைக் கண்டுபிடித்தவர் அவர். அறையில் அருகருகே தொங்கிய இரண்டு கடிகாரங்களின் ஊசல்கள், ஒன்று இடப்பக்கம் போனால் மற்றொன்று வலப்பக்கம் என்று, பிசகாமல் ஜோடியாக ஆடுவதைக் கவனித்தார். கலைத்துவிட்டாலும் அரை மணி நேரத்தில் மறுபடி சேர்ந்துகொண்டன. இரண்டையும் தாங்கிய கட்டையின் வழியே போன, கண்ணுக்குத் தெரியாத சிறு அசைவே அதற்குப் போதுமானதாக இருந்தது. நரம்பணுக்களுக்கு இடையிலோ ஆயிரக்கணக்கான இணைப்புகள்! அவை ஒன்று சேர்வதில் வியப்பில்லை. சேராமல் இருக்கிறதே, அதுதான் வியப்பு.

சரி, இந்தத் தாளத்தை எப்படிக் கலைப்பது? 1987இல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனபிட் என்ற அறுவை மருத்துவர் நடுக்கத்துக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அக்கால வழக்கம், தலாமஸில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டு அழித்துவிடுவது. அழித்தால் திரும்பக் கிடைக்காது. அதனால் முதலில் சிறிது மின்சாரம் செலுத்தி, இடம் சரிதானா என்று சோதிப்பார்கள். பெனபிட் துடிப்பின் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். நொடிக்கு 100 துடிப்பை நெருங்கியபோது நடுக்கம் நின்றது. மின்சாரத்தை நிறுத்தினார், நடுக்கம் திரும்பியது. மறுபடி செலுத்தினார், நின்றது. அப்படியானால் எதற்கு அழிக்க வேண்டும்? கம்பியை உள்ளேயே விட்டு, மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுத்தால் போதுமே!

இன்றைய கருவியும் அடிப்படையில் அதுதான். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், பேஸ்மேக்கர் போன்ற ஒரு பெட்டி. அங்கிருந்து கழுத்து வழியாக மூளைக்குக் கம்பி. நொடிக்குச் சுமார் 130 துடிப்பு, ஒவ்வொன்றும் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த வேகமான, சீரான தட்டலில் நோயின் தாளம் மூழ்கிப்போகிறது. அது எந்த வழியில் நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு; பீட்டா அலை தணிவதைக் கருவியில் பார்க்க முடிகிறது.

என்னிடம் ஒரு தாள் இருக்கிறது. அறுவை மேசையில் ஒருவர் வரைந்த சுருள். நடுவிலிருந்து தொடங்கும் கோடு ரம்பப் பல் போல வெட்டி வெட்டிப் போகிறது. பாதியில் மின்சாரத்தைத் திறந்தோம், அவர் பேனாவை எடுக்கவில்லை. அந்த இடத்திலிருந்து பற்கள் சிறுத்து, சிறுத்து, அடுத்த சுற்று வழவழவென்று ஓடுகிறது. ஒரே கோடு, ஒரே கை. வரைந்து முடித்தவர் தாளைப் பார்க்கவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது நோயைக் குணமாக்குவதில்லை. அணுக்கள் சாவது தொடரும். சிலருக்குப் பேச்சு குழறலாம். மூளையில் ரத்தக்கசிவு, தொற்று என்ற ஆபத்துகளும் சிறிதளவு உண்டு. மாத்திரைக்கு நன்றாக இணங்கி, ஆனால் அதன் பலன் ஏறி இறங்கித் தவிப்பவர்களுக்கே இது அதிகம் உதவும்.

நேரம் நெருங்குகிறது என்று கை காட்டுகிறார்கள். விரிவாகப் பேச நினைத்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பீட்டா அலையைத் தானே கேட்டு, அது ஏறும்போது மின்சாரத்தைக் கூட்டி, இறங்கும்போது குறைக்கும் கருவிக்கு 2025இல் அமெரிக்கா அனுமதி தந்திருக்கிறது. வலிப்பும் அணுக்கள் ஒருசேரக் கிளம்பும் நோய்தான். அது தொடங்கும் அறிகுறியைக் கண்டதும் மின்சாரம் கொடுக்கும் கருவி அங்கே 2013 முதலே புழக்கத்தில் உள்ளது. எனக்கு மிகவும் ஆசை தருவது மூன்றாவது. ஜெர்மானிய ஆய்வாளர் பீட்டர் டாஸ் முன்வைத்த முறை. எல்லா அணுக்களையும் ஒரே நேரத்தில் தட்டாமல், ஒவ்வொரு குழுவையும் வெவ்வேறு கணத்தில் தட்டி, சேர்ந்திருக்கும் பழக்கத்தையே மறக்கடிப்பது. குரங்குகளில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பல நாள் பலன் நீடித்தது. அதே எண்ணத்தில், அறுவையே இல்லாமல், விரல் நுனிகளை மாற்றி மாற்றி அதிரச் செய்யும் கையுறை ஒன்றையும் சோதித்து வருகிறார்கள்.

அதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாகப் பேச வாய்ப்புக் கிடைக்கட்டும். நன்றி, வணக்கம்.