மாம்பலம் கால்வாயின் மறுமுனை

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் அந்த வழியாகத்தான் வந்திருப்பீர்கள். லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதே கதைதான்.

வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்று எழுதிவைத்த ஏரி, நுங்கம்பாக்கம் பக்கமிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்தது. 1920-களில் தொடங்கி அதை வற்றவைத்து மனை போட்டார்கள். தியாகராய நகர் அப்படி வந்ததுதான். வீட்டுக்கு இடம் தேவைப்பட்டது, அவர்களைத் திட்ட நான் வரவில்லை. ஆனால் பள்ளம் பள்ளமாகவேதான் இருக்கிறது. அங்கே சேரும் மழைநீரை வெளியேற்ற நம்மிடம் இருப்பது 5 கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள மாம்பலம் கால்வாய். தி.நகரைக் கடந்து நந்தனம் பக்கம் அடையாற்றில் விழுகிறது.

2021 நவம்பர் 7 காலை நுங்கம்பாக்கத்தில் பதிவான மழை 21 சென்டிமீட்டர். தி.நகர் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. கால்வாயில் கட்டுமான வேலையின் இடிபாடுகள் அள்ளப்படாமல் கிடந்தது அப்போது பெரிய பேச்சாயிற்று. அப்புறம் வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு குழு அமைத்தது, மாநகராட்சி மளமளவென்று மழைநீர் வடிகால்கள் கட்டியது. அடுத்த ஆண்டு மழையில் பல தெருக்கள் சீக்கிரம் வடிந்தன. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, வடிந்த தண்ணீர் எங்கே போயிற்று? கால்வாய்க்குத்தான். தெருவில் ஒரு மணி நேரம் நின்று நிதானமாக வந்த தண்ணீரை, புது வடிகால் பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தள்ளினால், கால்வாய் அதே அகலத்தில்தானே இருக்கிறது? அதைவிடச் சிக்கல் மறுமுனையில். ஆற்றில் நீர்மட்டம் கால்வாயைவிடத் தாழ்ந்திருந்தால்தான் தண்ணீர் இறங்கும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். அடையாறு கரை மீறியபோது கால்வாய்த் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? வந்த வழியே திரும்பும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, கடலும் ஏற்றத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் கால்வாயை எவ்வளவு தூர் வாரியிருந்தாலும் அது வெறும் தொட்டி.

அதனால்தான் சொல்கிறேன்: ஆறு இறங்கும்வரை மழைநீரை மேலேயே நிறுத்திவைக்க இடம் வேண்டும். 2024-ல் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் குளம் வெட்டினார்களே, அந்த மாதிரி. அது வேளச்சேரிப் பக்கத்துக்கு உதவும், நமக்கு அல்ல. தி.நகரில் காலி இடம் ஏது என்பீர்கள். பனகல் பூங்காவில் மெட்ரோ இறங்கிவிட்டது. சோமசுந்தரம் மைதானம் இருக்கிறது. மூன்றடி தாழ்த்திவிட்டால் மழையில் இரண்டு நாள் குளம், மற்ற நாளெல்லாம் மைதானம். என்ன, முதலில் அங்கே கிரிக்கெட் ஆடும் பையன்களிடம் கேட்க வேண்டும்.