வழக்காடியே நீதிபதியானால்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம். பதினாறாம் நூற்றாண்டில் போப்பாண்டவர் கூட்டிய பொதுச்சங்கத்துக்கு, அதாவது திருச்சபை ஆயர்களின் மாநாட்டுக்கு, சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் வழி நின்ற ஜெர்மன் ஆட்சியாளர்கள் போக மறுத்தது சரியா, தவறா என்பது இன்றைய வழக்கு. சரிதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார். "பொதுச்சங்கம் வேண்டும் என்று கூவியவர்களே இவர்கள்தானே? கூட்டியதும் ஏன் கதவைச் சாத்தினார்கள்?" நல்ல கேள்வி. ஆனால் இவர்கள் கேட்டது எது, வந்தது எது என்பதை அவர் சொல்லாமலே விட்டுவிட்டார்.

1523-இல் நியூரம்பர்க்கில் கூடிய, ஜெர்மன் நாடுகள் அடங்கிய புனித ரோமப் பேரரசின் மன்றம் கேட்டது சுதந்திரமான ஒரு கிறிஸ்தவப் பொதுச்சங்கம், அதுவும் ஜெர்மன் மண்ணில். 1536-இல் போப்பாண்டவர் மூன்றாம் பவுல் விடுத்த ஆணையில் வந்ததோ இத்தாலியின் மாந்துவா நகரம். சங்கத்தின் வேலைகளில் ஒன்று, 'தப்பறைகளை', அதாவது தவறான போதனைகளை, 'வேரறுப்பது' என்று அந்த ஆணையிலேயே இருந்தது. யாருடைய தப்பறை என்று கேட்கவா வேண்டும்? தலைமை போப்பின் பிரதிநிதிகளுக்கு. வாக்கு ஆயர்களுக்கு. அந்த ஆயர்களோ போப்புக்கு விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் செய்தவர்கள். வாய்க்கால் தகராறில் எதிராளியே நாட்டாமையாக உட்கார்ந்து, சாட்சிகளும் அவன் பங்காளிகளாகவே இருந்தால், அந்தப் பஞ்சாயத்துக்கு நம் சகோதரி போவாரா?

இன்னொன்று, உயிர்ப் பயம். திருச்சபையில் சீர்திருத்தம் கேட்ட பொஹீமியாவின் போதகர் யான் ஹூஸ், அரசர் சிகிஸ்முந்தின் பாதுகாப்புக் கடிதத்தை நம்பித்தான் கான்ஸ்டன்ஸ் சங்கத்துக்குப் போனார். 1415 ஜூலை 6 அன்று அவரைக் கட்டிவைத்து எரித்தார்கள். ஜெர்மன்காரர்கள் அதை மறந்திருக்கவில்லை.

எதிரணி நண்பர் ஒரு வலுவான அம்பும் விட்டார், ஒப்புக்கொள்கிறேன். "லுத்தரே போகத் தயாராக இருந்தாரே! 1535-இல் விட்டன்பர்க் வந்த போப்பின் தூதர் வெர்ஜேரியோவிடம், எரிப்பீர்கள் என்றாலும் வருவேன் என்றாரே!" உண்மைதான். அழைப்பை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம் என்றுதான் லுத்தரும் அவர் தோழர் மெலாங்தனும் ஆலோசனை சொன்னார்கள். (அந்த வெர்ஜேரியோவே பின்னால் ரோமை விட்டு விலகிச் சீர்திருத்தப் பக்கம் வந்துவிட்டார் என்பதையும் நண்பர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.) ஆனால் லுத்தர் பணயம் வைத்தது தன் உயிரை. ஆட்சியாளர் அழைப்பாணையைக் கையில் வாங்கினால், 'நீ எனக்கு நீதிபதி' என்று ஒப்புக்கொண்டு தன் குடிகளையும் ஊர்க் கோயில்களையும் பள்ளிகளையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறார். போதகர் தைரியமாக இருக்கலாம். அரசர் தைரியத்தோடு சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

அதனால்தான் 1537 பிப்ரவரியில் லுத்தரன் ஆட்சியாளர்கள் கூடிய ஷ்மால்கால்டன் ஊரில் அப்படி நடந்தது. போப்பின் தூதர் வான் டெர் வோர்ஸ்ட் கடிதங்களோடு வந்து நின்றார். சாக்சனியின் ஆட்சியாளர் ஜான் பிரெடெரிக் அவரை மரியாதையாகவே வரவேற்றார். பேச்சு முடிந்ததும் எழுந்து போய்விட்டார். கடிதங்கள் மேசை மேலேயே கிடந்தன. ஹெஸ்ஸ நாட்டு ஆட்சியாளர் பிலிப் என்பவரோ தூதரைப் பார்க்கவே மறுத்துவிட்டார். அது கொஞ்சம் முரட்டுத்தனம்தான், நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

சரி, அந்த மாந்துவா சங்கம் என்ன ஆயிற்று? நடக்கவே இல்லை! காவலுக்குப் படை வேண்டும் என்று மாந்துவா கோமகன் கேட்க, போப்பாண்டவர் இடத்தை விசென்சாவுக்கு மாற்றினார். அங்கேயும் ஆயர்கள் வந்து சேரவில்லை. போகாத நம் ஆட்சியாளர்களுக்குப் பயணச் செலவு மிச்சம். கடைசியில் திரெந்து நகரில் சங்கம் தொடங்கியபோது 1545 டிசம்பர் ஆகிவிட்டது.

1561-இல் லுத்தரன் இளவரசர்கள் கூடிய நாவும்பர்க்கில் நடந்தது இன்னும் சுவாரசியம். போப்பாண்டவர் நான்காம் பயஸ் மறுபடி அழைக்கிறார். கொம்மெந்தோனே, தெல்பீனோ என்று இரண்டு தூதர்கள். அவர்கள் கொடுத்த கடிதங்களை இளவரசர்கள் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம்தான் முகவரியைப் பார்க்கிறார்கள்: 'அன்பு மகனுக்கு' என்று எழுதியிருக்கிறது. பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'ரோம் ஆயரை நாங்கள் தந்தையாக ஏற்கவில்லை, மகன் என்ற பட்டம் எங்களுக்கு வேண்டாம்' என்பது காரணம். எதிரணி இதைக் குழந்தைத்தனம் என்றது. இல்லை, ஐயா! மொத்த வழக்கே அந்த உறையின் மேல்தான் இருந்தது. யார் தந்தை, யார் மகன் என்பது விவாதிக்க வேண்டிய விஷயம். அதை முடிவு செய்துவிட்டு விவாதத்துக்குக் கூப்பிட்டால் எப்படி?

"ஒருமுறையாவது போய்ப் பார்த்திருக்கலாமே" என்று கடைசியாகக் கேட்டார்கள். போனார்களே! 1552 ஜனவரியில் வுர்ட்டம்பர்க், சாக்சனி தூதர்கள் திரெந்துக்கே போய்ச் சங்கத்தின் முன் நின்றார்கள். தாங்கள் இல்லாதபோது போட்ட தீர்மானங்களை மறுபடி விவாதிக்க வேண்டும், ஆயர்களைப் போப்புக்குச் செய்த சத்தியத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதே சாக்சனியின் அப்போதைய ஆட்சியாளர் மோரிஸ் ஒரு பக்கம் தூதரை அனுப்பிவிட்டு மறுபக்கம் பேரரசர் மேல் படையெடுத்தார் என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும், அதுவும் உண்மைதான். ஆனால் அந்த இரண்டு கோரிக்கைகளில் எதைச் சங்கம் ஏற்றது? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அதை மட்டும் சொல்லிவிட்டு மேலே பேசட்டும். நான் உட்கார்ந்து கேட்கிறேன். நன்றி, வணக்கம்.