பிரான்ஸ் அணு உலைகள்: வேகமாகக் கட்டிய நாடு நடுவில் ஏன் தடுமாறியது?

[திரையில்: பிரான்ஸ் வரைபடம். ஆற்றங்கரைகளிலும் கடற்கரையிலும் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன]

வணக்கம். பிரான்ஸில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணு உலைகளிலிருந்து வருகிறது. உலகில் வேறு எந்த நாடும் அணுவை இந்த அளவுக்கு நம்பி இல்லை. இன்று அங்கே 57 உலைகள் இருக்கின்றன. இத்தனையையும் எப்படிக் கட்டினார்கள், அப்புறம் ஏன் ஒரே ஒரு உலையைக் கட்ட 17 ஆண்டுகள் தவித்தார்கள்? அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: 1973, பெட்ரோல் பங்குகளில் வரிசை]

1973 அக்டோபரில் மத்தியக் கிழக்கில் போர் மூண்டது. சில மாதங்களில் எண்ணெய் விலை நான்கு மடங்கு ஏறியது. சொந்த எண்ணெய் வளம் இல்லாத பிரான்ஸ், மின்சாரத்துக்கே எண்ணெயை எரித்துக்கொண்டிருந்த காலம் அது. 1974 மார்ச் 6 அன்று பிரதமர் பியேர் மெஸ்மேர் தொலைக்காட்சியில் தோன்றி, இரண்டே ஆண்டுகளில் 13 உலைகளுக்கு வேலை தொடங்கும் என்று அறிவித்தார். இது நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்து எடுத்த முடிவல்ல. அந்தக் குறையைப் பிரான்ஸில் இன்றும் பலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பொறியியல் பக்கம் பார்த்தால், அங்கே நடந்தது அசாத்தியமான வேலை. பிரான்ஸ் முதலில் சொந்தமாக கிராஃபைட் உலைகளைத்தான் உருவாக்கியது. 1969-இல் அந்த வழியைக் கைவிட்டு, அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற அழுத்த நீர் உலைக்கு, அதாவது கொதிக்காதபடி அதிக அழுத்தத்தில் வைத்த நீரால் குளிரூட்டும் உலைக்கு, மாறியது. அரசு மின் நிறுவனமான ஈடிஎஃப் ஒரே வடிவமைப்பைப் பிடித்துக்கொண்டது. 900 மெகாவாட் உலைகள் மட்டும் 34. அடுத்து 1,300 மெகாவாட்டில் 20. கடைசியாக 1,450 மெகாவாட்டில் நான்கு. ஓர் இடத்தில் குழாய் பொருத்திய குழு அடுத்த இடத்திலும் அதே குழாயைப் பொருத்தியது. 1980, 1981 ஆண்டுகளில் வருடத்துக்கு ஏழெட்டு உலைகள் மின் கட்டமைப்பில் இணைந்தன.

எதிர்ப்பும் இருந்தது. பிரித்தானி கடற்கரையில் உள்ள ப்ளோகோஃப் ஊர் மக்கள் போராடி, தங்கள் ஊருக்கு வரவிருந்த நிலையத்தை 1981-இல் நிறுத்தியே விட்டார்கள். சோடியத்தால் குளிரூட்டப்படும் சூப்பர்ஃபெனிக்ஸ் ஈனுலை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உருவாக்கும் வகை உலை) அடிக்கடி பழுதாகி, 1990-களின் கடைசியில் மூடப்பட்டது. இதே குடும்பத்தின் மூத்த பிள்ளையான ராப்சோடி உலையை ஒட்டித்தான் நம் கல்பாக்கத்தின் சோதனை ஈனுலை வடிவமைக்கப்பட்டது.

[திரையில்: ஃப்ளமான்வில் கட்டுமானத் தளம்]

1991-இல் சிவோ என்ற இடத்தில் இரண்டாவது உலைக்கு வேலை ஆரம்பித்தது. அதற்குப் பிறகு 2007 வரை பிரான்ஸ் மண்ணில் புதிய மின் உலை எதற்கும் காங்கிரீட் கொட்டவில்லை. தேவைக்கு மேலேயே மின்சாரம் இருந்ததால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த 16 ஆண்டுகளில் அனுபவசாலிகள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்.

2007 டிசம்பரில் தொடங்கிய ஃப்ளமான்வில் மூன்றாம் உலை 2012-இல் முடிந்திருக்க வேண்டும். போட்ட மதிப்பீடு 330 கோடி யூரோ. மின் கட்டமைப்பில் இணைந்ததோ 2024 டிசம்பர் 21. நீராவிக் குழாய்கள் உலைக் கட்டடத்தின் இரட்டைச் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் எட்டு வெல்டிங்குகள் தரத்தில் தேறவில்லை. ஆள் நுழைய முடியாத அந்த இடுக்குக்கென்றே ரோபோ செய்து, வெட்டி எடுத்துத் திரும்பப் பற்றவைத்தார்கள். செலவு, ஈடிஎஃப் கணக்குப்படியே 1,300 கோடி யூரோவைத் தாண்டிவிட்டது.

[திரையில்: குழாயின் குறுக்குவெட்டுப் படம்]

ஒரே வடிவமைப்பின் மறுபக்கம் 2021 கடைசியில் தெரிந்தது. சிவோவில் நடந்த பத்தாண்டுச் சோதனையில், அவசர காலத்தில் உலைக்குள் நீரைச் செலுத்தும் குழாயில் அரிப்பால் வந்த விரிசல்கள் சிக்கின. ஒன்றில் இருந்தால் அதே மாதிரியில் கட்டிய மற்றவற்றிலும் இருக்கலாம் அல்லவா? வரிசையாக நிறுத்திப் பார்க்க வேண்டியதாயிற்று. வழக்கமான பராமரிப்பும் சேர்ந்துகொள்ள, 2022 ஆகஸ்ட் கடைசியில் 56 உலைகளில் 32 நின்றிருந்தன. அந்த ஆண்டு உற்பத்தி 27,900 கோடி யூனிட்டாகச் சரிந்தது. 1988-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததே இல்லை. ஊருக்கெல்லாம் மின்சாரம் விற்ற நாடு, வெளியிலிருந்து வாங்கியது.

2023-இல் பென்லி நிலையத்தில் கண்டுபிடித்த விரிசலைப் பாருங்கள். குழாய்ச் சுவரின் கனம் 27 மில்லிமீட்டர். விரிசலின் ஆழம் 23 மில்லிமீட்டர். கட்டும்போதே இரண்டு முறை திருத்திப் பற்றவைத்த இடம் அது. அப்படித் திருத்தும்போது உலோகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கம்தான் அரிப்புக்கு வழி விடுகிறது.

சரி, இப்போது எங்கே நிற்கிறார்கள்? உலைகள் தேறிவிட்டன. 2024-இல் உற்பத்தி 36,000 கோடி யூனிட்டைத் தாண்டியது. மின்சாரத்தில் அணுவின் பங்கை 50 சதவீதத்துக்குக் குறைக்க 2015-இல் போட்ட சட்ட இலக்கை 2023-இல் நீக்கிவிட்டார்கள். 2020-இல் ஃபெஸ்ஸன்ஹைமின் இரண்டு உலைகளை மூடிய அதே மக்ரோன் அரசு, 2022-இல் ஆறு புதிய உலைகளை அறிவித்தது. இன்னும் எட்டுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். முதல் ஆறும் பென்லி, கிராவலீன், புஜே ஆகிய மூன்று இடங்களில் இரண்டிரண்டாக வரும்.

பணத்தை விட ஆட்கள்தான் இதில் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன். ஃப்ளமான்விலுக்குப் பக்கத்தில், செர்பூரில், வெல்டிங்குக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியைத் திறந்திருப்பது சரியான இடத்தில் வைத்த அடி. ஆறில் முதல் உலை 2038-இல் ஓட வேண்டும் என்பது இப்போதைய கணக்கு. 1978-இல் மின்சாரம் தரத் தொடங்கிய புஜேயின் இரண்டாம் உலைக்கு அப்போது 60 வயது.