இரண்டாவது பிரதி எங்கே?

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, சட்டத்தரணிகளே, காலி வீதி நெரிசலையும் பாராமல் வந்து இந்த வெள்ளவத்தை மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மாரே, தம்பி தங்கையரே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். மங்கள விளக்கேற்றிய அதிபர் அம்மா அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. தம் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவியரையும் கூட்டி வந்திருக்கிறார்.

நாடுகளுக்கிடையிலான இணையப் போர் எதைத் தாக்குகிறது, அதிலிருந்து மீள நம் தரவுக்கு ஏன் இரண்டாவது பிரதி வேண்டும் என்று சொல்ல வந்தேன்.

2007இல் எஸ்தோனியாவில் ஒரு சோவியத் போர்வீரன் சிலையை இடம் மாற்றினார்கள். அதைத் தொடர்ந்து வந்த இணையத் தாக்குதலில் வங்கி, பத்திரிகை, அரசாங்கம் என்று இணையத்தளங்கள் வரிசையாக முடங்கின. 2015 டிசம்பரில் உக்ரைனில் இணையத் தாக்குதலால் ஏறத்தாழ 225,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. ஊழியர்கள் வாகனமெடுத்துத் துணை மின்நிலையங்களுக்கு ஓடி, ஆளிகளைக் கையாலேயே போட்டார்கள். சில மணி நேரத்தில் வெளிச்சம் வந்தது. கையால் இயக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று நான் மேடைக்கு மேடை கேட்பது இதனால்தான்.

துறைமுகம் உள்ள கொழும்பில் வாழும் நமக்கு ஒரு கப்பல் கதை சொல்கிறேன். 2017 ஜூன் 27. உக்ரைனில் கணக்காளர்கள் வரிக்கணக்குக்குப் பாவிக்கும் ஒரு மென்பொருளின் வழியாக நொட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் புறப்பட்டது. ரஷ்ய இராணுவத்தின் வேலை என்று பிரித்தானியாவும் அமெரிக்காவும் பின்னர் குற்றஞ்சாட்டின, ரஷ்யா மறுத்தது. உக்ரைனுக்கு வைத்த தீ, டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தையும் பிடித்தது. துறைமுக வாசல்களில் கொள்கலன் லொறிகள் வரிசைகட்டி நின்றன. அந்த நிறுவனத்தில் யாருக்கு எந்தக் கணினியில் அனுமதி என்று தீர்மானிக்கும் தலைமைச் சேவையகங்கள் உலகெங்கும் அழிந்தன. ஒன்றே ஒன்று தப்பியது, கானா நாட்டில். எப்படித் தப்பியது? தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு! கரண்ட் இல்லாததால் வலையமைப்பிலிருந்து அறுந்து கிடந்தது. அதிலிருந்த தரவை, மீட்பு வேலை நடந்த இங்கிலாந்துக்கு அனுப்ப இணைய வேகம் போதவில்லை. ஆளை அனுப்புவோமென்றால், கானா ஊழியர்களிடம் பிரித்தானிய விசா இல்லை. ஆகவே ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் அந்த வன்தட்டைக் கொடுத்தார்; அவர் அதைச் சுமந்துகொண்டு இலண்டன் போய்ச் சேர்ந்தார். அத்தனை பெரிய நிறுவனம் அந்த ஒற்றைப் பிரதியை வைத்துத்தான் எழுந்தது.

நம் இலங்கைக்கு வருவோம். 2023 ஓகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் போயே போயின, அந்தக் காலத்துக்குப் பிரதி இல்லை. அதைப் படைகொண்டு வந்த போர் என்று எவரும் சொல்லவில்லை. போரே வந்தால்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா, சபையோரே?

இணையப் போர் பற்றிச் சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது என்று முன்வரிசைச் சட்டத்தரணிகள் இன்னொரு நாள் பேசட்டும். என் கோரிக்கை ஒன்றுதான். வைத்தியசாலை, பிரதேச செயலகம், பாடசாலை, எதுவானாலும் வலையமைப்பில் இணைக்காத ஒரு பிரதி வாரந்தோறும் எடுத்து, வேறு கட்டடத்தில் பூட்டி வைக்கவேண்டும். அதிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கும் ஒத்திகையும் நடக்கவேண்டும். ஆண்டுக்கொரு நாள் கணினியை நிறுத்தி, பேனாவும் பதிவேடுமாக வேலை செய்து பழகவேண்டும். இதை வற்புறுத்தும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையொப்பமிட்டுவிட்டுப் போங்கள், நாளை உங்கள் பிள்ளையின் பாடசாலை அதிபரிடம் இரண்டாவது பிரதி எங்கே என்று கேளுங்கள்.