மீட்டர் எந்த இடத்தில் இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். டிராக்டருக்குப் பின்னால் ஒரு டேங்க், இரண்டு பக்கமும் நீட்டிய கைகள், அந்தக் கைகள் நெடுக நாசில்கள் என்று வயலில் மருந்து தெளித்துக்கொண்டு போகும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் சென்சாரும் கட்டுப்பாட்டு வால்வும் பொருத்துவது பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பல வருடங்களாக நான் செய்துவரும் வேலை இது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. காகிதம் வேண்டாம், கேட்டாலே போதும். ஒரு எக்டேருக்கு 200 லிட்டர் கரைசல் விழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வண்டி மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நிமிடத்துக்கு 100 மீட்டர். நாசிலுக்கும் நாசிலுக்கும் அரை மீட்டர் இடைவெளி. அப்படியென்றால் ஒரு நாசில் ஒரு நிமிடத்தில் 50 சதுர மீட்டரை நனைக்கிறது. எக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 50 என்பது அதில் இருநூறில் ஒரு பங்கு. ஆகவே ஒரு நாசிலில் நிமிடத்துக்குச் சரியாக 1 லிட்டர் வர வேண்டும். இந்த ஒரு லிட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

வண்டி ஒரே வேகத்தில் போகாது. மேடு ஏறும்போது தளரும், சமதளத்தில் வேகம் பிடிக்கும். நாசில் மட்டும் அதே ஒரு லிட்டரை ஊற்றிக்கொண்டிருந்தால் தளர்ந்த இடத்தில் மருந்து கூடும், ஓடிய இடத்தில் குறையும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வேகத்தைச் சொல்ல ஒரு சென்சார், எவ்வளவு போகிறது என்று சொல்ல ஒரு ஃப்ளோ மீட்டர், கூட்டிக் குறைக்க ஒரு வால்வு, மூன்றையும் ஆட்டிவைக்க ஓட்டுநர் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அந்தப் பெட்டிக்குக் கண் கிடையாது. சென்சார் சொல்வதுதான் அதற்கு வேதம்.

ஒருமுறை நான் பொருத்திக் கொடுத்த இயந்திரத்தின் சொந்தக்காரர் கூப்பிட்டார். "திரையில் 200 லிட்டர் என்று ஆடாமல் அசையாமல் காட்டுகிறது சார். ஆனால் வயலை முடித்துவிட்டேன், டேங்கில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது" என்றார். போனேன். மீட்டரின் அளவீட்டு எண்ணை மாற்றிப் பார்த்தேன், வேக சென்சாரைக் கழற்றி மாட்டினேன். அரை நாள் போய்விட்டது. அவருடைய அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, கீழே ஒரு குவளையைப் பிடித்து எவ்வளவு விழுகிறது என்று பார்க்கக் கூடாதா?" என்றார்.

பிடித்தோம். டேங்கில் சுத்தமான தண்ணீர், கையில் கடிகாரம், ஒரு நிமிடம். ஒரு லிட்டர் வர வேண்டிய குவளையில் 700 மில்லிதான் இருந்தது. பக்கத்து நாசிலிலும் 700. அப்புறம்தான் பம்பிலிருந்து கையால் தடவிக்கொண்டே குழாயைப் பின்தொடர்ந்தேன். டேங்கின் அடியில் மருந்து தங்காமல் கலக்கிக்கொண்டே இருக்க ஒரு கிளைக் குழாய் உண்டு. அது பிரிவதற்கு முன்னாலேயே மீட்டரை வைத்திருந்தேன். அங்கேதான் எட்டுவதற்கு வசதியாக நேர்க்குழாய் கிடைத்தது என்று அப்படி வைத்துவிட்டேன். டேங்குக்கே திரும்பிப் போன தண்ணீரையும் மீட்டர் எண்ணியது. பெட்டி அதையும் பயிரில் விழுந்ததாக நினைத்தது. அந்த வயலுக்கு மருந்து முக்கால் பங்குகூடப் போய்ச் சேரவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தும்.

அதனால் சொல்கிறேன்: திரும்பிப் போகும் குழாய்கள் எல்லாம் பிரிந்த பிறகு, கைகளுக்குப் போகும் குழாய்கள் பிரிவதற்கு முன்பு. மீட்டரின் இடம் அதுதான். முன்னால் ஃபில்டர் இருக்கட்டும். உள்ளே சக்கரம் சுழலும் வகை மீட்டரில் தூசியோ கரையாத பொடியோ சிக்கினால் குறைத்துக் காட்டும். மின்காந்த வகையில் சுழலும் பாகமே இல்லை. மேலே பொறித்திருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்க வேண்டும். முடிந்தால் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும்படி வையுங்கள், குழாய் எப்போதும் நிறைந்திருக்கும். மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் பத்து மடங்கும் பின்னால் ஐந்து மடங்கும் வளைவில்லாமல் விடுவது நல்ல வழக்கம்.

அன்றைக்கு அழுத்தம் காட்டும் முள் இருக்க வேண்டிய அழுத்தத்தில் பாதியில்தான் நின்றது. நான் அதைப் பார்க்கவே இல்லை. நாசிலில் தண்ணீர் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். திருப்பிப் போட்டால், அழுத்தம் பாதியானால் தண்ணீர் ஏறக்குறைய 70 சதவீதமாகும். குவளையில் பார்த்த அதே 700 மில்லி! அதனால் ஃப்ளோ மீட்டரோடு அழுத்த சென்சாரையும் வையுங்கள் என்று விடாமல் சொல்வேன். பம்பின் வாயில் வைக்காதீர்கள், நாசில்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். அதுவும் குழாயின் மேல்புறமாக, வண்டல் இறங்காத இடத்தில்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 3 பார் அழுத்தத்தில் 6 கிலோமீட்டர் வேகத்தில் போனவர், வால்வு பார்த்துக்கொள்ளும் என்று 12 கிலோமீட்டருக்குப் போனால் 12 பார் வேண்டும். அவ்வளவு அழுத்தத்தில் துளி புகைபோல உடைந்து காற்றோடு பக்கத்து வயலுக்குப் போய்விடும். சென்சார் இருந்தாலும் சீராகத்தான் ஓட்ட வேண்டும்.

வால்வுக்கு வருகிறேன். இங்கே தவறினால் ஆபத்து. உங்களுடையது டயாஃப்ரம் பம்போ பிஸ்டன் பம்போ என்றால், அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவைத் தள்ளியே தீரும். அதன் வழியில் வால்வை வைத்து நெரித்தால் அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கும். அங்கே கட்டுப்பாட்டு வால்வு டேங்குக்குத் திரும்பும் வழியில் இருக்க வேண்டும், கூடவே அழுத்தம் மீறினால் திறக்கும் பாதுகாப்பு வால்வும். உள்ளே சக்கரம் சுழன்று தண்ணீரை வீசித் தள்ளும் சென்ட்ரிஃப்யூகல் பம்ப் என்றால், நாசில்களுக்குப் போகும் நேர் வழியிலேயே வைத்து நெரிக்கலாம். பெட்டியின் அமைப்பிலும் எந்த வகை என்று சொல்லியாக வேண்டும். நேர் வழியில் இருக்கும் வால்வு திறந்தால் தெளிப்பு கூடும், திரும்பும் வழியில் இருப்பது திறந்தால் குறையும்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. ஒயரிங் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். சரி, முக்கியமானது மட்டும்: மின்சாரத்தை நேராக பேட்டரியிலிருந்து எடுங்கள், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், மெல்லிய ஒயர் வேண்டாம். சக்கரத்தில் மாட்டும் வேக சென்சாரை, டேங்க் பாதி நிறைந்த நிலையில், வயல் மண்ணில் ஓட்டி அளந்து சரிபாருங்கள், தார்ச்சாலையில் வேண்டாம். எதையும் கழற்றும் முன் டேங்கையும் குழாய்களையும் நன்றாகக் கழுவுங்கள், கையுறை போடுங்கள். முதல் ஓட்டம் வெறும் தண்ணீரில், ஒவ்வொரு நாசிலுக்கும் கீழே குவளை பிடித்து. புது நாசிலைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஊற்றுகிற நாசிலை மாற்றிவிடுங்கள். நன்றி, வணக்கம்.